அண்ணியின் அளவு நோட்டு

என் அண்ணனுக்குப் பெண் பார்த்தது நான்தான். வீட்டில் மற்றவர்கள் எல்லோரும் பெண்ணின் படிப்பு என்ன, உயரம் என்ன என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தபோது, நான் அவர் போட்டிருந்த ரவிக்கையின் கையோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காபித் தட்டை நீட்டியபோது ஓரம் லேசாக மடங்கி உள்பக்கம் தெரிந்தது. வெளியே தையல் எவ்வளவு நேராக இருந்ததோ, யாரும் பார்க்காத உள்பக்கத்திலும் அவ்வளவு நேர். "யார் தைச்சது?" என்று கேட்டேன். "நான்தான்" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது. ஒரே பிடிவாதமாக நின்று அண்ணன் தலையில் கட்டிவைத்தேன். அவன் கொடுத்துவைத்தவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

இப்போது அவர் என் அண்ணனுக்கு மனைவி இல்லை. ஆனாலும் அவரை அண்ணி என்றுதான் எழுதப்போகிறேன். அண்ணனை 'அவன்' என்றும் அண்ணியை 'அவர்' என்றும் எழுதுவதும் கை தவறி நடப்பதல்ல. ஆட்சேபம் இருந்தால் நேரில் வந்து சொல்லலாம். வீட்டில் எனக்குப் பட்டாசு என்று பெயர், அதைத் தெரிந்துகொண்டு வரவும்.

அண்ணன் இந்த நாட்டுக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை, இந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டான். அவனுக்குப் பின்னால் வந்த தங்கை நான், ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். அண்ணி வந்தது மனைவி என்ற முறையில் கிடைத்த விசாவில். அது மூன்று வருடத் தற்காலிக விசா. மூன்று வருடம் முடிவதற்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, நிஜமாகவே குடும்பம் நடத்துகிறோம் என்று காட்டினால்தான் நிரந்தரமாக்குவார்கள். அப்போது எங்கள் யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. குடும்பம் நடத்துவதைத் தவிர வேறென்ன செய்யப்போகிறார்கள் என்று நினைத்தோம்.

வந்த ஆறாவது மாதம் அண்ணிக்கு என் கிளினிக்குக்கு எதிர்ச்சாரியில் இருக்கும் லாண்டரியில் வேலை கிடைத்தது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே எண் ஒட்டிய ஹேங்கர்களில் துவைத்த கோட்டுகள் வரிசையாகத் தொங்கும். பின்னால் இஸ்திரி ஆவி புஸ்ஸென்று வந்துகொண்டே இருக்கும். ஜன்னலோரம் ஒரு மெஷின், ஒரு ஆளுயரக் கண்ணாடி, ஏறி நிற்க ஒரு சின்னப் பலகை. அதுதான் ஆல்டரேஷன் பிரிவு. அதற்கு மொத்த ஆள்பலமும் அண்ணிதான்.

இந்த ஊர் மொழியை அண்ணி அந்தப் பலகைக்கு முன்னால் மண்டியிட்டுக் கற்றுக்கொண்டார். 'கொஞ்சம் திரும்புங்க', 'கையைத் தூக்குங்க', 'மூச்சை விடுங்க' என்பதில் ஆரம்பித்தது. வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டே பேசியதால் உச்சரிப்பும் குண்டூசிக்குத் தகுந்த மாதிரிதான் இருக்கும். ஆனால் கை பேசுவது எல்லோருக்கும் புரிந்தது.

அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். எடுத்தவுடன் கத்தரியைத் தொட மாட்டார். ஊசி குத்தி விட்டு, ஆளை நடக்கச் சொல்வார், உட்காரச் சொல்வார், அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் எதையாவது எடுக்கச் சொல்வார். ஒரு தடவை ஒரு பஸ் டிரைவர் வந்தார். சீருடைச் சட்டை முதுகில் இழுக்கிறது என்று ஆறு மாதமாக மூன்று கடை ஏறி இறங்கியிருக்கிறார். எல்லோரும் அவரை நிற்கவைத்து அளந்திருக்கிறார்கள். அண்ணி அவரை நாற்காலியில் உட்காரவைத்து, இஸ்திரி மேசை ஓரத்தை ஸ்டீயரிங் மாதிரி பிடிக்கச் சொல்லி அளந்தார். மறுவாரம் அந்த டிப்போவிலிருந்து ஒன்பது டிரைவர்கள் சட்டையும் கையுமாக வந்து நின்றார்கள். கடையின் முதலாளியம்மா, பாராட்டு என்றால் வாயில் முள் குத்தும் ரகம். அவரே அன்றைக்கு எங்கள் கிளினிக்குக்கு வந்து, "உங்க அண்ணிக்குக் கையில கண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். பெண் பார்த்தது நான்தான் என்று அவரிடமும் சொல்லிவைத்தேன்.

இரண்டு வருடம் நாலு மாதம் ஆனபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணன் தன்னுடன் வேலை பார்க்கும் ஒருத்தியோடு வாழப்போவதாகச் சொன்னான். அடித்தான், பிடித்தான் என்றெல்லாம் எதுவும் இல்லை. காபி குடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. பெரிய மனது பண்ணி ஒரு ஏற்பாடும் செய்திருக்கிறான்.

"விசாவுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு. அதுவரைக்கும் அந்தச் சின்ன ரூம்ல இரு. யாருக்கும் தெரிய வேண்டாம். நேரம் வரும்போது நான் கையெழுத்துப் போடறேன். விசா கைக்கு வந்ததும் உன் வழியை நீ பார்த்துக்கோ."

"என்னன்னு கையெழுத்துப் போடுவீங்க?"

"சேர்ந்து வாழறோம்னுதான்."

"வாழலையே" என்றிருக்கிறார் அண்ணி.

அன்று மதியம் ஒரு கையில் பெட்டி, மறு கையில் வீட்டுத் தையல் மெஷினோடு என் வாசலில் வந்து நின்றார். நடந்ததை முழுதாகக் கேட்டதும் நான் முதலில் அண்ணனைத் திட்டினேன். திட்டித் தீர்ந்ததும் அண்ணி பக்கம் திரும்பினேன்.

"உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா அண்ணி? எட்டே மாசம். பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்கலாம்ல? அவன் கையெழுத்து இல்லாம இங்க உங்களை எவன் இருக்க விடுவான்? மூட்டை கட்டி அனுப்பிடுவாங்க."

அண்ணி மெஷினைத் தரையில் வைத்து, மேலே படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தார்.

"திரும்பிப் போறதுல எனக்கு ஒண்ணும் கேவலம் இல்ல. ஆனா என் வேலை இங்க இருக்கு. அதை விட்டுட்டுப் போக எனக்கு இஷ்டம் இல்ல. அதுக்காக இல்லாததை இருக்குன்னு எழுதிக் குடுக்கவும் மாட்டேன். நான் வாழ்ந்தது நிஜம். ஒரு பொய்யை எழுதிட்டேன்னா அதுவும் சேர்ந்து பொய்யாயிடும்."

எனக்கு அப்போது இது வறட்டுக் கௌரவமாகத்தான் பட்டது. அன்று முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி அதைக் கண்டுகொள்ளாமல் என் ஜன்னல் திரையின் தொங்கிப்போன ஓரத்தைப் பிரித்துத் தைத்தார்.

எங்கள் பகுதி நூலகத்தின் மாடியில் புதன்கிழமை தோறும் ஒரு வக்கீலம்மா இலவசமாக ஆலோசனை சொல்வார். மூக்குக் கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். தேடும்போது அது கைக்குக் கிடைக்காது. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முதல்ல, பயப்படாதீங்க. பிரிஞ்சதாலேயே யாரும் நாளைக்கு உங்களைப் பிடிச்சு பிளேன்ல ஏத்திட முடியாது" என்றார். பிரிந்ததை மறைக்காமல் குடிவரவு அலுவலகத்துக்கு நாமே எழுதித் தெரிவிக்க வேண்டும், கணவன் கையெழுத்து இல்லாமல் தனியாக விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது என்றார். நான் அண்ணியைப் பார்த்தேன். அண்ணி என்னைப் பார்க்கவில்லை, நல்லவேளை.

"ஆனா ஒண்ணு" என்றார் வக்கீலம்மா. "விசாவுக்காகப் பண்ணிக்கிட்ட கல்யாணம் இல்ல, நிஜமா வாழ்ந்த கல்யாணம்னு நீங்கதான் காட்டணும். ரெண்டு பேர் பேரும் இருக்கற காகிதம் எல்லாத்தையும் கொண்டாங்க."

ரெண்டு பேர் பேரும் இருந்த காகிதம் கல்யாணப் பதிவுச் சான்றிதழ் ஒன்றுதான். வீட்டு ஒப்பந்தம் அண்ணன் பேரில், மின்சார பில் அண்ணன் பேரில், போன் அண்ணன் பேரில். "அவர் பேர்ல இருந்தா என் பேர்ல இருந்த மாதிரிதானேன்னு விட்டுட்டேன்" என்றார் அண்ணி. எத்தனை வீட்டில் எத்தனை பேர் இதையே சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

சரி, போட்டோவாவது காட்டலாம் என்று அத்தனையையும் அச்சுப்போட்டு எடுத்துக்கொண்டு போனோம். வக்கீலம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடற்கரையில் ஒரு படம். பூங்காவில் ஒரு படம். பஸ் நிறுத்தத்தில், புதுச் சோபாவில், அண்ணனின் பிறந்தநாளில்.

"நடுவுல நிக்கறது யாரு?"

"நான்தான்" என்றேன்.

"இதுல?"

"அதுவும் நான்தான்."

"இவங்க ரெண்டு பேர் மட்டும் இருக்கற படம் ஒண்ணுகூட இல்லையா?"

இரண்டு இருந்தன. இரண்டிலும் அண்ணனும் அண்ணியும் ஒரு ஆள் நிற்கும் இடைவெளி விட்டு, பாஸ்போர்ட்டுக்குப் போஸ் கொடுப்பது போல நேராகப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். நான் வந்து நிற்பதற்காகத்தான் இடம் பிடித்துவைத்திருந்தார்களோ என்னவோ. அண்ணி நாலு பேர் எதிரில் புருஷனை ஒட்டி நிற்கக் கூச்சப்படுவார். அந்தக் கூச்சம் விட்ட இடைவெளியை நான்தான் ஒவ்வொரு தடவையும் பல்லைக் காட்டிக்கொண்டு போய் நிரப்பியிருக்கிறேன். இரண்டரை வருடக் குடும்பத்துக்குச் சாட்சியாக என் பல்வரிசை மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அன்றைக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்தது.

அடுத்த வாரம் மதிய இடைவேளையில் லாண்டரிக்குப் போனேன். என் கோட்டின் கைப்பக்கத்து உள்துணி கிழிந்திருந்தது. "எப்பவும் அதே இடம்தான் உனக்கு" என்று சொல்லிக்கொண்டே அண்ணி அளவு நோட்டை எடுத்தார். ஊரிலிருந்து வரும்போதே கொண்டுவந்து, பிறகு கடைக்கும் வைத்துக்கொண்ட, தடித்த அட்டை போட்ட நீள நோட்டு. சாக்குக்கட்டித் தூள் படிந்து, ஓரத்தில் நூல் தும்பு ஒட்டி, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியிருக்கும். என் பக்கத்தைத் திறந்துவைத்துவிட்டு, இஸ்திரி போட்ட துணியை வாங்க உள்ளே போனார். நான் எட்டிப் பார்த்தேன். தோள், கை, மார்பு என்று எண்கள். கீழே தமிழில் ஒரு வரி.

'பட்டாசு கையை ஆட்டி ஆட்டிப் பேசுவாள். அக்குளில் ஒரு விரல் லூஸ் விடவும்.'

சண்டைக்குப் போகலாம் என்று நோட்டைத் தூக்கினேன். பக்கம் புரண்டது. மேலே 'அவர்' என்று மட்டும் எழுதியிருந்தது.

முதல் தேதி, அண்ணி இந்த நாட்டுக்கு வந்த ஏழாம் நாள். எண்களுக்குக் கீழே, 'இடது தோள் கால் அங்குலம் தாழ்வு. பை மாட்டும் தோள். அவரிடம் சொல்ல வேண்டாம், உள்ளே பஞ்சு வைத்துச் சரிசெய்யலாம்.'

ஆறு மாதம் கழித்து, 'இடுப்பு முக்கால் அங்குலம் கூடுதல். மூச்சை இழுத்துப் பிடித்து ஏமாற்றுகிறார். நானும் ஏமாந்த மாதிரி இருந்துவிட்டு, ஒரு அங்குலமாகப் பிரித்துவிட்டேன்.'

அதற்கும் பிறகு, 'காய்ச்சலில் எல்லா இடத்திலும் குறைந்திருக்கிறார். எதையும் பிடித்துத் தைக்கக் கூடாது. உடம்பு திரும்பி வரும்.'

அடுத்து, 'பதவி உயர்வுக்குக் கோட். கண்ணாடி முன்னால் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. சிரித்தார்.'

கடைசித் தேதி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு மாதம் முன்பு. 'அளவெடுக்க நிற்கவில்லை. பழைய பேண்ட்டை வைத்துத் தைத்தேன்.'

கவுன்ட்டரில் மூன்று பேர் சீட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே நான் அழுதுவிட்டேன். என் கூடப் பிறந்தவனின் தோள் தாழ்ந்திருப்பது எனக்கு இத்தனை வருடமாகத் தெரியாது.

திரும்பி வந்த அண்ணியிடம் நோட்டைத் தூக்கிக் காட்டினேன். "அண்ணி, இதைக் குடுப்போம். இதைவிட என்ன ஆதாரம் வேணும்?"

"இதையா? இது கடை நோட்டு. அழுக்கு பிடிச்சுக் கெடக்கு. ஆபீசர் கையில இதையா குடுப்பாங்க?"

"அட்டையைத் துடைச்சுடலாம். உள்ள இருக்கறதை வேற யாராலயும் எழுத முடியாது."

வக்கீலம்மாவும் அதையேதான் சொன்னார். சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்தோம். அவர் இரண்டு தடவை போன் செய்தார். முதல் தடவை, 'லூஸ் விடவும்' என்பதற்குச் சரியான சொல் கேட்டு. இரண்டாம் தடவை, அந்த அம்மா எந்தக் கடையில் இருக்கிறார்கள், எனக்கும் ஒரு தோள் தாழ்வுதான் என்று சொல்லி.

நானும் என் சார்பில் சாட்சிக் கடிதம் எழுதினேன். அது எப்படியோ அண்ணன் காதுக்குப் போய்விட்டது.

"நீ என் தங்கச்சியா, அவ தங்கச்சியா?" என்று போனில் எகிறினான். "என்னைப் பத்தி ஊர் பூரா எழுதிக் குடுத்து நாறடிக்கப் போறீங்களா?"

"உன் தங்கச்சிதான். அதனாலதான் எல்லாப் படத்துலயும் நடுவுல போய் நின்னு கெடுத்துவச்சேன். இப்ப அதைச் சரி பண்றேன். உன்னைப் பத்தி அண்ணி என்ன எழுதியிருக்காங்கன்னு கேளு" என்று அண்ணியின் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். 'என் கணவர் என்னை மரியாதையாக நடத்தினார். நாங்கள் மனதார வாழ்ந்தோம். பிறகு அவர் மனம் வேறு பக்கம் போய்விட்டது.' அவ்வளவுதான். குறையாக ஒரு வார்த்தை இல்லை.

அவன் போனை வைத்துவிட்டான். அதற்கப்புறம் அவன் குறுக்கே வரவில்லை. அவன் செய்த உபகாரம் அது ஒன்றுதான். அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

விசாரணைக்கு அழைத்தது ஒரு காலை பத்து மணிக்கு. சாட்சி என்று என்னையும் உள்ளே விட்டார்கள். சாம்பல் நிற மேசை, நாலு நாற்காலி, காகித டம்ளரில் தண்ணீர். அதிகாரியின் கோட்டுக் கை நீளமாக இருந்து பாதி உள்ளங்கையை மூடியிருந்தது. அண்ணியின் கண் அங்கேயே போய் நின்றதைக் கவனித்தேன். ஊசியை எடுத்துவிடுவாரோ என்று பயமாகக்கூட இருந்தது.

அதிகாரி மொழிபெயர்ப்பையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இது உங்க கடை நோட்டு. இதுல நூறு பேர் அளவு இருக்கும். அதுல ஒருத்தர் உங்க கணவர்ங்கறதால அது குடும்ப வாழ்க்கைக்கு ஆதாரம் ஆயிடுமா?"

"மத்த பக்கத்தையும் புரட்டிப் பாருங்க சார்" என்றார் அண்ணி.

அவர் புரட்டினார். முப்பது நாற்பது பக்கம் புரட்டியிருப்பார். எல்லாப் பக்கத்திலும் வெறும் எண்கள், தேதி, ஹேங்கர் நம்பர்.

"கஸ்டமருக்கு நம்பர் மட்டும்தான் எழுதுவேன். வீட்டு ஆளுங்களுக்குத்தான் கீழ எழுதுவேன்."

அதிகாரி மறுபடியும் 'அவர்' பக்கத்துக்கு வந்தார். தமிழ் எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு மொழிபெயர்ப்பை வரிவரியாகப் படித்தார். மூச்சை இழுத்துப் பிடித்த இடம் வந்தபோது அவரும் தன் வயிற்றை லேசாக உள்ளே இழுத்துக்கொண்டார்.

"விசா முடிய எட்டு மாசம் இருந்திருக்கு. பிரிஞ்ச பத்தாவது நாளே ஏன் எழுதித் தெரிவிச்சீங்க? உங்களுக்குத்தானே நஷ்டம்?"

"நஷ்டம்தான். ஆனா நிஜமா நடந்த ஒரு கல்யாணத்தைப் பொய் சொல்லியா காப்பாத்தணும்?"

எங்கள் அண்ணி, குண்டூசி இல்லாத வாயால், தப்பில்லாமல், நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். அந்த நிமிஷம் எனக்கு இருந்த பெருமை இந்த ஜென்மத்துக்குப் போதும்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "நீங்க இவங்களுக்கு என்ன உறவு?"

"நாத்தனார். இவங்க வீட்டுக்காரரோட தங்கச்சி."

"விவாகரத்து ஆயிட்டா?"

பட்டாசு நமத்துப்போய்விட்டது. அவர் பதிலுக்காகக் காத்திருந்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் நாற்பது பதில் தோன்றியது. எல்லாவற்றையும் பஸ் ஏறும் வரை அண்ணியிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். அண்ணியோ, அந்த ஆளின் கோட்டுக் கையை முக்கால் அங்குலம் ஏற்றியிருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

நாலு மாதம் ஆயிற்று. முதலில் விவாகரத்துத் தீர்ப்பு வந்தது. அண்ணி அதைப் படித்து, மடித்து, பெட்டிக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை மதியம், கிளினிக் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், எதிர்க்கடையில் முதலாளியம்மா இரண்டு கையையும் ஆட்டி என்னைக் கூப்பிடுகிறார். பல் வலியோடு காத்திருந்தவரை அப்படியே விட்டுவிட்டுத் தெருவைக் கடந்து ஓடினேன்.

அண்ணி பலகையின் மேல் உட்கார்ந்திருந்தார், கழுத்தில் டேப், மடியில் கடிதம். நிரந்தரமாக இருக்கலாம், தனியாக, தன் பேரில், யாருடைய கையெழுத்தும் இல்லாமல். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, கத்தினேன். இஸ்திரி போடுபவர் உள்ளேயிருந்து பதறி ஓடிவந்தார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மெதுவா, அக்குள் தையல் பிரிஞ்சிடப் போவுது" என்றார்.

முதலாளியம்மா போனை எடுத்துக்கொண்டு, "நில்லுங்க, நில்லுங்க, ஒரு படம்" என்றார். அண்ணி கண்ணாடிக்கு முன்னால் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் போய் நின்றேன். ஆனால் பழைய படங்கள் ஞாபகம் வந்துவிட்டது. அதிகாரி கேட்ட கேள்வியும் கூடவே வந்தது. இது அவருடைய படம், இதில் நான் யார் என்று தோன்றியது. ஒரு ஆள் நிற்கும் அளவுக்குத் தள்ளி, ஓரமாக நின்றுகொண்டேன்.

அண்ணி திரும்பிப் பார்த்தார். கழுத்து டேப்பின் ஒரு நுனியை என் தோளைச் சுற்றிப் போட்டு, இழுத்து, தன்னோடு ஒட்டவைத்துக்கொண்டார்.

"எதுக்கு இவ்வளவு இடம் விடற? ஒட்டி நில்லு. நாளைக்கு யாராவது வந்து நீ எனக்கு என்ன உறவுன்னு ஆதாரம் கேட்டா, எதைக் காட்டறது?"